ஒரே சிரா, வேறு வேறு வெயில்

சிவப்பு ஒயினில் ஒரே ஒரு திராட்சையை எடுத்துக்கொண்டு அதை ஊர் ஊராக ருசித்துப் பழக ஆசை, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கூடவே ஒரு குழப்பத்தையும் எழுதியிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் ஒன்று, பிரான்ஸின் சேன்-ஜோசப் ஒன்று, இரண்டையும் வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே திராட்சை என்று கடைக்காரர் சொன்னாராம். ஆனால் ஒன்று ஜாம் போலக் கனமாக, இனிப்பு மணத்தோடு இருந்தது. மற்றது ஒல்லியாக, புளிப்பாக, மிளகு வாசனையோடு இருந்தது. இதில் எது அந்தத் திராட்சையின் உண்மையான சுவை என்பது உங்கள் கேள்வி.

இரண்டுமே உண்மைதான். பிரான்ஸில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ், கொடி ஒன்றே. தற்செயலாகவோ என்னவோ, இந்தப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான திராட்சையிலேயே தொடங்கிவிட்டீர்கள். பினோ நுவார் என்ற திராட்சையும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அதில் நல்ல பாட்டில்கள் கையைக் கடிக்கும் விலை. கேபர்னே சோவின்யோன் எங்கே வளர்ந்தாலும் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். சிரா மட்டும்தான் நடுத்தர விலையிலேயே இவ்வளவு தெளிவாக ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. 2015 கணக்குப்படி உலகில் சுமார் 1,90,000 ஹெக்டேரில் இது பயிராகிறது. அதில் பாதிக்கு மேல் பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும்தான்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால் ஒயின் பிரியர்கள் பலரும் முதலில் மண்ணைச் சொல்வார்கள். கிரானைட் மண், தகட்டுப்பாறை மண், சுண்ணாம்பு மண் என்று நீளும். நான் அப்படித் தொடங்க மாட்டேன். சிராவைப் பொறுத்தவரை முதலில் வெயில், அடுத்தது பழத்தைப் பறித்த நாள், மண்ணெல்லாம் அதற்கு அப்புறம். வெயிலை மூக்காலேயே அளந்துகொள்ள இந்தத் திராட்சையில் ஒரு வழி இருக்கிறது. அது மிளகு.

சிராவில் மிளகு வாசனை வருகிறது என்று சொல்வது வர்ணனைக்காக அல்ல. அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ரொட்டண்டோன் என்று பெயர். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் இதே மூலக்கூறுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 0.04 கிராம் கரைத்தால் அந்த அளவு வரும். அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் இந்த வாசனை தெரியவே இல்லை. ஒரே கோப்பையை முகர்ந்துவிட்டு ஒருவர் "என்ன மிளகு!" என்பதும் பக்கத்தில் இருப்பவர் விழிப்பதும் அதனால்தான். இருவரும் பொய் சொல்லவில்லை.

இந்த ரொட்டண்டோன் பழத்தின் தோலில், பழுக்கும் பருவத்தின் கடைசி வாரங்களில்தான் பெருகுகிறது. குலைகளைச் சுற்றிச் சூடு ஏறினால் குறைகிறது. குளிர்ந்த, ஈரமான ஆண்டுகளில் கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிராம்பியன்ஸ் மலையோரம் மவுண்ட் லாங்கி கிரான் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரே தோட்டத்துக்குள்ளேயே ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ரொட்டண்டோன் அளவு வெகுவாக மாறுவதை ஆராய்ச்சியாளர்கள் வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கோப்பையில் மிளகு தூக்கலாக இருந்தால், அந்தப் பழம் குளிர்ச்சியில், நிதானமாகப் பழுத்தது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இப்போது ஊர்களுக்கு வருவோம். சிராவின் பிறப்பிடம் பிரான்ஸின் தென்கிழக்கு. பாரசீகத்திலிருந்து சிலுவைப்போர் வீரர் ஒருவர் கொண்டுவந்தார் என்ற கதை ரொம்ப நாள் ஓடியது. 1998இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் பிரான்ஸின் மோன்பெலியே நகர ஆராய்ச்சியாளர்களும் செய்த மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது. ஆர்தேஷ் பகுதியின் டியூரேசா, சவோய் பகுதியின் மொந்தூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு உள்ளூர்த் திராட்சைகளின் பிள்ளைதான் சிரா. இரண்டும் இன்று அதிகம் பேர் கேள்விப்படாத திராட்சைகள்.

லியோன் நகருக்குத் தெற்கே ரோன் ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கிற மலைச்சரிவுகள்தான் வடக்கு ரோன். சிரா முழுமையாகப் பழுப்பதற்கு இதற்கு மேல் வடக்கே போனால் கஷ்டம் என்ற எல்லையில் இருக்கிற இடம் இது. இதன் சுவை முழுக்க அந்த எல்லையில்தான் அடங்கியிருக்கிறது. மிஸ்ட்ரால் என்ற குளிர்காற்று வடக்கிலிருந்து அடிக்கும். கொடி முறிந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றையும் தனித்தனிக் கம்பத்தில் கட்டுகிறார்கள். வெயிலைப் பிடிக்கச் சரிவான இடம் வேண்டும் என்பதால் இந்தப் பகுதியின் வடகோடியான கோத்-ரோத்தியில் சில தோட்டங்கள் 60 டிகிரி சாய்வைத் தொடுகின்றன. கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். டிராக்டர் ஏறாது, எல்லாம் கை வேலை. கட்டுபடியாகாமல் பலர் கைவிட்டதில் 1970களின் தொடக்கத்தில் கோத்-ரோத்தியில் 100 ஹெக்டேருக்கும் குறைவாகத்தான் மிஞ்சியது. இன்று 300ஐத் தாண்டிவிட்டது. அதை மீட்டதில் ஒயின் தயாரிக்கும் கிகால் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுடைய லா மூலின், லா துர்க், லா லாந்தோன் என்ற மூன்று ஒயின்களும் 42 மாதம் புது ஓக் பீப்பாயில் இருந்துவிட்டு வருபவை. கோத்-ரோத்தியில் வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சிராவோடு சேர்த்தே நொதிக்க வைக்கலாம் என்று விதி. நடைமுறையில் கொஞ்சம்தான் போடுவார்கள். வெள்ளைத் திராட்சை சேர்ந்தால் நிறம் வெளுக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் சிவப்பு நிறம் இன்னும் நன்றாக நிலைக்கிறது. மேலே ஒரு மெல்லிய ஆப்ரிகாட் மணமும் ஏறுகிறது.

தெற்கே போகப் போக ஒயினின் உடல் கனக்கும். எர்மிடாஜ் மொத்தமே சுமார் 136 ஹெக்டேர், ஏறக்குறைய ஒரே குன்று, தெற்கு நோக்கி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவின் வணிகர்கள் தங்கள் ஒயின் இளைத்திருந்தால் எர்மிடாஜைக் கலந்து தேற்றுவார்கள். அதை ஒளிக்கவும் இல்லை, அதற்கு விலையே அதிகம். கோர்னாஸில் வேறு திராட்சைக்கே இடமில்லை, சிரா மட்டும். குளிர்காற்று படாத கிண்ணம் போன்ற சரிவு அது. அதனால் வடக்கு ரோனிலேயே கறுத்த, முரட்டுத்தனமான ஒயின் அங்கிருந்து வரும். ஐந்தாறு வருடம் பொறுத்தால்தான் இளகும். எனக்கு இந்த மொத்தப் பகுதியிலும் மிகப் பிடித்த ஊர் கோர்னாஸ். நீங்கள் குடித்த சேன்-ஜோசப் ஆற்றின் மேற்குக் கரையில் நீண்டு கிடப்பது, தரம் கிராமத்துக்குக் கிராமம் மாறும். குரோஸ்-எர்மிடாஜ் பெரும்பாலும் சமவெளி, விலையும் குறைவு. பழக ஆரம்பிக்கிறவருக்கு இந்த இரண்டும் போதும்.

இந்த வடக்கு ரோன் ஒயின்களில் ஆல்கஹால் வழக்கமாக 12.5 முதல் 13.5 வரை. கறுப்பு ஆலிவ், புகையில் வாட்டிய இறைச்சி, வயலட் பூ, அப்புறம் அந்த மிளகு. 2003, 2018, 2022 போன்ற சுட்டெரித்த ஆண்டுகளில் இந்த மிளகு ஒதுங்கிக்கொண்டு பழம் முன்னால் வந்து நிற்கிறது. சொந்த ஊரிலேயே வெயில் கூடினால் சிரா பரோசாவை நோக்கி நகர்கிறது. மண் மாறவில்லையே!

பரோசாவின் கதை இதைவிட சுவாரசியம். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சுற்றிச் சேகரித்த நூற்றுக்கணக்கான திராட்சைக் குச்சிகள் 1832இல் சிட்னிக்கு வந்தன. சிராவும் அதில் இருந்தது. பரோசா பள்ளத்தாக்கில் 1842 முதல் குடியேறியவர்களில் பெரும்பகுதி அன்றைய பிரஷ்யாவின் சைலீசியாவிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பி வந்த லூத்தரன் கிறிஸ்தவ விவசாயிகள். அவர்கள் நட்ட கொடிகளில் சில இன்றும் காய்க்கின்றன. லாங்மைல் ஒயின் நிறுவனத்தின் 'ஃப்ரீடம்' தோட்டம் 1843இல் நடப்பட்டது என்கிறார்கள். இவ்வளவு வயதான சிராக் கொடிகள் பிரான்ஸில் கிடையாது. 1860களில் தொடங்கி, ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அதன் பிறகு அங்கே பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். கடுமையான தடைகளால் பரோசா இருக்கிற தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் அந்தப் பூச்சி வரவே இல்லை. ஆக, சிராவின் மிகப் பழைய, சொந்த வேரில் நிற்கும் கொடிகளைப் பார்க்க வேண்டுமானால் பிறந்த ஊரை விட்டுவிட்டு பரோசாவுக்குத்தான் போக வேண்டும்.

அப்படிப்பட்ட கொடிகளைத்தான் 1980களின் நடுவில், கனத்த சிவப்பு ஒயினுக்குக் கிராக்கி குறைந்த நேரத்தில், வெட்டிப்போட்டால் காசு தருகிறோம் என்று மாநில அரசே திட்டம் போட்டது. நூறு வயதுக் கொடிகள் பல அப்போது பிடுங்கப்பட்டன. இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. பீட்டர் லேமன், ராக்ஃபோர்டின் ராபர்ட் ஓ'கலகன் போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் சிலர் பிடிவாதமாகப் பழைய கொடிப் பழத்தை நல்ல விலைக்கு வாங்கியதால்தான் மிச்சம் தப்பியது. 2009இல் பரோசாக்காரர்கள் கொடிகளுக்கு வயதுவாரியாகப் பட்டம் வைத்தார்கள்: 35, 70, 100, 125 என்று நான்கு படி. லேபிளில் 'பழைய கொடி' என்று போட்டிருந்தால் அதற்கு அங்கே ஓர் அர்த்தம் உண்டு.

பரோசாவின் தரைப்பகுதியில் கோடை காய்ந்து சுடும். பழத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு இறங்கும், ரொட்டண்டோன் சேர நேரமில்லை. ஆல்கஹால் 14.5, 15 என்று போகும். குறைந்த புளிப்பை ஈடுகட்ட டார்டாரிக் அமிலம் சேர்ப்பது அங்கே சட்டப்படியே வழக்கம். நீங்கள் சொன்ன ஜாம், பிளம், சாக்லேட் மணம் இதிலிருந்து வருகிறது. தேங்காய், வெனிலா மணம் வந்திருந்தால் அது பழத்தினுடையது இல்லை, அமெரிக்க ஓக் பீப்பாயினுடையது. பக்கத்திலேயே உயரத்தில் இருக்கிற ஈடன் வேலிக்கு ஏறிப் பாருங்கள். அங்கே ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டத்துக் கொடிகள் 1860களைச் சேர்ந்தவை. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர். அறுவடை பிந்துகிறது, மசாலா மணம் திரும்பி வந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் பேர்பெற்ற ஷிராஸான கிரேஞ்ச் ஓர் இடத்தின் ஒயினே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனத்தின் மாக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஐரோப்பா போய், போர்தோவில் பல்லாண்டு வாழும் ஒயின்களைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு வேண்டிய கேபர்னே திராட்சை ஊரில் போதுமான அளவு கிடைக்கவில்லை. கையில் இருந்தது ஷிராஸ். 1951இல் புது அமெரிக்க ஓக் பீப்பாய்களில் கிரேஞ்ச் ஒயினின் முதல் சோதனையைச் செய்தார். குடித்துப்பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1957இல் நிறுத்தச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவே வந்தது. அவர் மூன்று அறுவடைகளுக்கு ரகசியமாகச் செய்துகொண்டே இருந்தார். முதல் பாட்டில்கள் வயதேறிப் பக்குவப்பட்டதும் 1960இல் நிர்வாகமே மனம் மாறி மறுபடி அனுமதித்தது. கிரேஞ்ச் இன்றும் பல பகுதிப் பழங்களைக் கலந்து செய்வதுதான். ஒயின் என்றால் மண்ணின் குரல் என்று மட்டும் பேசுகிறவர்களுக்கு இந்த ஒயின் பதில் சொல்கிறது: தேர்ந்தெடுக்கிற மனிதரும் அதில் இருக்கிறார்.

வெயில் கூடினால் கனம் கூடும் என்ற கணக்கை ஹண்டர் வேலி உடைக்கும். சிட்னிக்கு வடக்கே இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கு பரோசாவுக்குக் குறையாத சூடு. ஆனால் மேகமும் புழுக்கமும் அதிகம், அறுவடை நேரத்தில் மழை வந்து பழத்தைக் கெடுக்கும். அதனால் முன்கூட்டியே பறித்துவிடுகிறார்கள். விளைவு, 13 சதவீதத்தை ஒட்டிய, நடுத்தர உடல்வாகு கொண்ட ஷிராஸ். இளமையில் அமைதியாக இருக்கும். இருபது வருடம் கழித்துத் தோல், ஈரமண் மணத்தோடு வேறு ஆளாக நிற்கும். பறிக்கிற நாள் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். இதே நாட்டில் கான்பெரா பக்கம் குளோனகில்லா ஒயின் நிறுவனத்தின் டிம் கிர்க் 1991இல் கோத்-ரோத்தி போய் கிகாலின் ஒயினை ருசித்துவிட்டு வந்து, 1992 முதல் ஷிராஸோடு வியோன்யே சேர்த்து நொதிக்கவைத்தார். குளிர்ந்த மேட்டு நிலம், பிரெஞ்சு வழிமுறை, ஆஸ்திரேலியப் பழம். லேபிளை மறைத்துக் கொடுத்தால் எந்த நாடு என்று சொல்வது கஷ்டம்.

சரி, மண்ணுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் வெயிலும் ஆளும் மாறாமல் இருந்தால்தான் அது தெளிவாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லண்டில் முலினோ என்ற ஒயின் தயாரிக்கும் தம்பதி சிராவை மண்வாரியாகத் தனித்தனியாக பாட்டிலில் அடைக்கிறார்கள்: கிரானைட், தகட்டுப்பாறை, இரும்பு மண். செய்கிறவர்கள் அதே ஆட்கள், பகுதியும் அதேதான். கிரானைட்டில் மணம் தூக்கலாக, துவர்ப்பு நறுக்கென்று. தகட்டுப்பாறையில் கறுத்து, அடர்த்தியாக. இன்னொன்று அமெரிக்காவில் வல்லா வல்லாவுக்குத் தெற்கே, ஆரெகான் எல்லைக்குள் இருக்கிற 'ராக்ஸ்' பகுதி. பழைய ஆற்றுப் படுகை, தரை முழுக்க எரிமலைப் பாறையில் உருண்ட கூழாங்கற்கள். ஷாம்பேனிலிருந்து வந்த கிரிஸ்தோஃப் பரோன் 1997இல் அங்கே கொடி நட்டபோது கல்லுக்குள் என்ன வரும் என்று கேட்டார்களாம். ஆலிவும் இறைச்சி மணமுமாக, புளிப்பு மிகக் குறைந்த ஒரு சிரா வந்தது. 2015இல் அந்தப் பகுதிக்குத் தனி ஒயின் பகுதி என்ற அங்கீகாரமே கிடைத்துவிட்டது. நியூசிலாந்தின் கிம்லெட் கிராவல்ஸும் கல்தான். 1867 வெள்ளத்தில் ஆறு தடம் மாறியதால் வெளியே வந்த சரளை நிலம். அங்கே பகலில் கல் சூடேறிப் பழத்தைப் பழுக்க வைக்கிறது, கடற்காற்று மிளகைக் காப்பாற்றுகிறது. சிலி, கலிபோர்னியா இரண்டிலும் நல்லவை உண்டு. ஆனால் பாணிகள் கலந்து கிடப்பதால் தொடக்கத்தில் அங்கே போக வேண்டாம்.

நம் நாட்டிலும் ஷிராஸ் இருக்கிறது, முக்கியமாக நாசிக்கில். 600 மீட்டர் உயரம், ஆனால் வெப்பமண்டலம். கொடி குளிர்காலத்தில் தூங்குவதே இல்லை. அதனால் ஏப்ரலில் ஒரு கவாத்து, பருவமழை ஓய்ந்த பின் செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்கான கவாத்து. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவில் பழம் முதிரும்போது நாள் குளிர்ந்துகொண்டே வரும். நாசிக்கில் முதிரும்போது வெயில் ஏறிக்கொண்டே வரும். ஒரு வாரம் தாமதித்தால் பழம் கொதித்த சுவைக்குப் போய்விடும். முன்னால் பறித்தால் துவர்ப்பு பச்சையாக நிற்கும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் சூலா நிறுவனத்தின் ராசா போன்ற ஷிராஸ்கள் உருவாகின்றன. எனக்கு அவற்றில் புகைமணமும் பழுத்த பழமும்தான் கிடைக்கின்றன, மிளகு அரிது. இரவு குளிர்ந்தாலும் பகலின் சூடு ரொட்டண்டோனுக்கு இடம் கொடுப்பதில்லை என்றே நினைக்கிறேன். (கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கப் பன்னீர் திராட்சை பறிப்பதும் இதே தூங்காத கொடியால்தான். அது சாப்பிடுகிற திராட்சை, சிராவோடு ஒப்பிட முடியாது.)

நீங்கள் ருசிக்கத் தொடங்கும் முறை இது. மூன்று பாட்டில் வாங்குங்கள்: ஒரு குரோஸ்-எர்மிடாஜ், ஒரு பரோசா, நடுவில் நிற்க ஒரு கிம்லெட் கிராவல்ஸ் அல்லது ஸ்வார்ட்லண்ட். விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், வயதில் இரண்டு ஆண்டுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். லேபிளில் புது ஓக் என்று பெருமையாகப் போட்டிருப்பதைத் தவிருங்கள். வெனிலா எல்லாவற்றையும் மூடிவிடும். ஒயினின் சூடு 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள். காரக்குழம்போடு வைத்துச் சோதிக்காதீர்கள். மிளகாயின் எரிச்சல் ஆல்கஹாலின் எரிச்சலைப் பெருக்கும், துவர்ப்பும் கரகரக்கும். வாட்டிய ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ச் சுட்டது, இல்லாவிட்டால் வெறும் ரொட்டி போதும்.

முதலில் நாலு மிளகைப் பொடித்து முகர்ந்துவிட்டு மூன்று கோப்பைகளையும் முகருங்கள். பாட்டில்களைத் துணியால் மூடி வேறு யாரையாவது ஊற்றச் சொல்வது இன்னும் நல்லது. மிளகு எதில் கூடுதல், வாயின் ஓரத்தில் உமிழ்நீர் ஊறவைக்கும் புளிப்பு எதில், விழுங்கிய பின் தொண்டையில் சூடு எதில் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கோப்பையிலும் மிளகே வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். புளிப்பையும் தொண்டைச் சூட்டையும் வைத்தே வரிசைப்படுத்திவிட முடியும். மிச்சத்தை மூடி வைத்து மறுநாளும் குடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பரோசா கொஞ்சம் தளர்ந்திருக்கும், ரோன் அப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும். அந்தச் சுற்று முடிந்ததும் நான்காவதாக ஒரு ஹண்டர் வேலி ஷிராஸ் தேடுங்கள். சூடான ஊரில் முன்கூட்டியே பறித்தது எப்படி இருக்கும் என்பதை முதல் மூன்றும் உங்களுக்குச் சொல்லாது.